பெருவிரலால் மாமாங்கத்துக்கு

நாங்கள் செய்த இணையப் பக்கத்தில் தண்ணீரைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் இருக்கவில்லை. திறந்தால் நீலம். விரலால் மேலே தள்ளினால் இன்னும் கொஞ்சம் நீலம். வலது மூலையில் ஒரு சின்ன எண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்: எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து இத்தனை மீற்றர்.

காரணம் என் காலைச் சாப்பாடு. பல வருடம் ஒரு நாளிதழில் செய்தி திருத்திவிட்டு, இப்போது அதே வேலையை வீட்டிலிருந்து ஓர் இணையத் தளத்துக்குச் செய்கிறேன். செய்தி பார்க்கவென்று போனை எடுப்பேன். அரை மணி நேரம் கழித்து, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் அழுக்குக் கம்பளம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று கம்பளம் வெளுத்து முடிந்தபோது என் பிட்டு ஆறி, மீன்குழம்பில் ஆடை படர்ந்திருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இணையத் தளங்கள் கட்டிக் கொடுக்கும் என் தம்பி, தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இப்ப நீங்க எவ்வளவு தூரம் போயிருப்பீங்க தெரியுமா?"

"எங்க போனன்? இஞ்சதானே இருக்கிறன்."

"நீங்க இஞ்ச. உங்கட பெருவிரல் அடுத்த ஊர், சத்துருக்கொண்டான் தாண்டியிருக்கும்."

நான் நம்பவில்லை. நம்பாததை அளந்து பார்ப்பது தொழில் தந்த பழக்கம். அளக்க ஒரு பக்கம் செய்வோம் என்றான். பக்கத்தில் ஒரு மீற்றர் என்றால் தரையிலும் ஒரு மீற்றர். எங்கள் வீட்டுப் பின்வேலியில் வாவி தொடங்குகிறபடியால் பக்கமும் அங்கேயே தொடங்கியது. கரையோரமாகத் தெற்கே போகும், போய்க்கொண்டே இருக்கும். முடிவு வைக்கக் கூடாது என்பதுதான் அவன் யோசனை. முடிவில்லாத ஒன்றில் மனிதர்கள் எந்த இடத்தில் அலுத்து நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பதே சோதனை.

வெறும் நீலம் சரிவராது, இடையிடையே ஏதாவது எழுதுங்கள் என்று அவன் கேட்டதால் எழுதினேன். நாற்பதாவது மீற்றரில்: "கொக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. செய்தி அச்சுக்குப் போகும்வரை அது நகரவில்லை." நூற்றுப்பத்தில்: "இது விளம்பரம் அல்ல. தண்ணீர்." முந்நூறில்: "சம்பவம் தொடர்பாகக் கேட்டபோது, நண்டு கருத்துக் கூற மறுத்துச் சேற்றுக்குள் சென்றது." இப்படி இரண்டு நாள். எழுதியதை உரக்க வாசித்து நானே சிரித்தேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில் என் தலைப்பைப் படித்து ஒருவரும் சிரித்ததில்லை; சிரித்திருந்தால் மறுநாள் திருத்தம் போட்டிருப்போம்.

தம்பி அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் வேலை இடைவேளையில் எண்ணூறு மீற்றர் போய், வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையாவது வையுங்கள் என்று எழுதினான். மாமி ஒருவர் இருபதாவது மீற்றரில் திரும்பிவிட்டார். நீலத்தைப் பார்த்ததும் ஊறப்போட்ட உடுப்பு ஞாபகம் வந்ததாம். பெரும்பாலானவர்கள் கொக்கைத் தாண்டவே இல்லை. எங்கள் சோதனை, கொக்கு வரைக்கும் வெற்றி.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வளவிலிருந்து சின்னம்மா, அம்மாவின் தங்கை, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்தார். போனைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்திருந்தார்.

"மனே, இது எங்க போய் முடியும்?"

"முடியாது சின்னம்மா. அதுதான் விசயம்" என்றான் தம்பி.

"முடியாத பாதைய ஆரும் போடுவானா? ரோட்டுப் போடுறவனுக்குக்கூட ஒரு ஊர் இருக்கும்."

"மனிசர் எங்க நிப்பாட்டுறாங்க எண்டு பாக்கத்தான்..."

"நான் நிப்பாட்ட மாட்டன். நீ மாமாங்கத்தில முடி."

சின்னம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வருடம் இடது கண்ணில் லென்ஸ் வைத்தபோது, பார்வை திரும்பினால் தன்னாமுனையிலிருந்து அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து வருவதாக நேர்த்தி வைத்தார். பார்வை நன்றாகத் திரும்பியது. எங்கள் வீட்டுச் சமையலறையில் என்ன கொதிக்கிறது என்பதை அவர் வளவில் நின்றபடியே சொல்லும் அளவுக்குத் திரும்பியது. திரும்பிய மறுமாதம் முழங்கால் போனது. தூரம் நடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது வலது கண்ணுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அந்தக் கோயிலின் பத்து நாள் திருவிழா முடியும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அடுத்த இரண்டாம் நாள். இனிப் பிந்தினால் புரை இறுகிவிடும், பிறகு கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார்கள். சின்னம்மா போக மறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணுக்கு வச்ச நேர்த்தி அப்பிடியே கிடக்கு. அதுக்குள்ள மத்தக் கண்ணக் கொண்டுபோய் என்னெண்டு குடுக்கிற?" என்று அன்றும் கேட்டார். "இப்ப வழி கிடைச்சிற்று. காலால ஏலா. இதால போறன்."

"பெருவிரலாலயா?" என்றேன்.

"கண்ணுக்கு வச்ச நேர்த்தி புள்ள. கண்ணால பாத்துப் பாத்துப் போறன். இதில என்ன பிழை?"

"கோயில் ஐயரிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா ஏலாதெண்டு சொல்லிப்போடுவார். கேக்கல."

தம்பி சிரித்தான். சின்னம்மா சிரிக்கவில்லை. அவன் சிரிப்பை நிறுத்தி மடிக்கணினியைத் திறந்தான். பாதையை ஆறு கிலோமீற்றர் என்று வைத்து, கடைசியில் ஒரு தீர்த்தக் குளமும் கோபுரமும் வரைந்தான். முடிவில்லாத எங்கள் பக்கம் அரை மணி நேரத்தில் முடிவுள்ளதாயிற்று.

நாங்கள் நினைத்தது அத்தோடு சரி என்று. சின்னம்மா முதல் நூறு மீற்றர் ஒத்திகை பார்த்துவிட்டு மறுபடி வேலிக்குள்ளால் வந்தார்.

"ஒருக்காத் தள்ளினா அது தன்ட பாட்டில வழுக்கி ஓடுது. அது கணக்கில சேருமா?"

"சேரும். எல்லாப் பக்கமும் அப்பிடித்தான் சின்னம்மா."

"அது பஸ்ஸில போறமாதிரி. நேர்த்திக்குப் பஸ்ஸில போறல்ல."

தம்பி அந்த வழுக்கலை நிறுத்தினான். விரல் கண்ணாடியில் பட்டு நகர்ந்தால் மட்டும் பாதை நகரும். ஒரு தள்ளுக்குப் பத்து சென்ரிமீற்றர். ஆறு கிலோமீற்றருக்கு அறுபதாயிரம் தள்ளு. பத்து நாள் திருவிழாவில் நாளுக்கு ஆறாயிரம். நான் கணக்கைச் சொன்னபோது சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த திருத்தம் எனக்கு வந்தது.

"புள்ள, அந்த நண்ட எடு."

"ஏன் சின்னம்மா?"

"பத்து நாளும் சைவம். பாதையில நண்டு என்னத்துக்கு?"

நண்டை எடுத்துவிட்டு ஆம்பல் பூ வைத்தேன். அதுவும் கருத்துக் கூற மறுத்தது.

கொடியேற்றத்தன்று காலை தொடங்கினார். கிணற்றடியில் குளித்து, ஈரத் தலையோடு, பிளாஸ்ரிக் கதிரையை அமிர்தகழித் திசைக்குத் திருப்பிப் போட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரு கையாலும் போனை ஏந்தினார். இடது பெருவிரல் ஒன்று, வலது பெருவிரல் ஒன்று. அது நடைதான், கண்டால் வேறு சொல் வராது. சில நேரம் வேகம் கூடும். இறக்கமா என்று கேட்டேன். "தண்ணியில என்ன இறக்கம்? ஆறு மணிக்கு ரீவியில நாடகம் போடுவான்" என்றார்.

போனும் விரதம் இருந்தது. இறைச்சி, மீன் சமைக்கும் காணொளிகள் அவருக்கு மிகவும் பிடித்தவை. பத்து நாளும் அவற்றைத் திறக்கவில்லை. தப்பித் தவறி இறால் பொரியல் ஒன்று திரையில் வந்துவிட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் ஓடிப்போய் இறாலை அகற்றுவேன். முன் வீட்டுக் கத்தோலிக்க அக்கா வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் குனிந்து திரையைப் பார்ப்பார். "இப்ப எதில நிக்கிறீங்க?" "பிள்ளையாரடி தாண்டிற்றன்." "வெயிலா?" "இல்ல புள்ள. சார்ஜ்தான் குறைவு."

தம்பிக்கு இது பெரிய சந்தோஷம். அவன் செய்த ஒரு பக்கத்தை இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தவர் உலகத்தில் இல்லை. வெளிநாட்டு முதலாளிக்கு எழுதிப் போட்டான். அவர், அந்தப் பயனருக்கு என்ன வயது, எதனால் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டு எழுதினார். என்ன பதில் போட்டாய் என்று கேட்டேன். "கண் எண்டு போட்டன். அதுக்கு மேல அவருக்கு விளங்காது" என்றான்.

ஒன்பதாம் நாள் காலை, ஐந்து கிலோமீற்றருக்கு மேல் வந்துவிட்ட நிலையில், போன் கதிரையிலிருந்து நழுவிக் கிணற்றடிச் சீமெந்தில் விழுந்தது. கண்ணாடி மூலையிலிருந்து வெடித்துப் பரவியது. சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறாவூரில் போன் திருத்தும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் இரும்பு அடிமட்டம். பொருத்துகிற எந்தக் கண்ணாடியையும் அளந்துதான் பொருத்துவார். புதியதைப் பொருத்தி, தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்கத் திறந்து கிடந்த பக்கத்தையே தள்ளினார். தள்ளிவிட்டு எண்ணைப் பார்த்தார். மறுபடி தள்ளினார். பிறகு அடிமட்டத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, விரலை மிக மெதுவாக இழுத்தார்.

"தங்கச்சி, இது என்ன சாமான்?"

சொன்னேன். நேர்த்தி என்றதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அடங்கியது. அதன் பிறகுதான் சொன்னார்.

"அப்ப ஒண்டு சொல்லோணும். நான் ஆறு சென்ரி இழுத்தா இது பத்து எண்டு காட்டுது. எங்கட வாப்பா நெசவு. முழத்தில இப்பிடி விளையாடினா அவர் ஊர்ல இருந்திருக்க ஏலா."

நானும் வைத்துப் பார்த்தேன். ஆறு. திரும்பவும் ஆறு. அங்கிருந்தே தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் தன் மேசைக் கணினித் திரையில் அடிமட்டம் வைத்துப் பார்த்துத்தான் அளவு போட்டிருந்தான்; அங்கே சரியாக இருந்தது. கணினித் திரையில் ஒரு சென்ரிமீற்றர் என்று காட்டுவது, போனில் தானாகவே சிறுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்த விஷயம் என்று அவனே ஒத்துக்கொண்டான். சின்னம்மா ஆறு கிலோமீற்றரை முடித்தாலும், உண்மையில் போயிருப்பது மூன்று கிலோமீற்றர் அறுநூறு மீற்றர். மிச்சம் இரண்டு கிலோமீற்றர் நானூறு மீற்றர் எங்கள் பிழைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் நின்றான்.

"சொல்லாம விடுவம் அக்கா. நாளைக்குத் தீர்த்தம். அவ முடிச்சிற்றன் எண்டு நினைச்சாக் கண்ணுக்குப் போவா. சொன்னாப் போகமாட்டா. எது பெரிசு? சாமி என்ன அடிமட்டம் வச்சா பாக்குது?"

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிழைத்திருத்தங்கள் எழுதிய காலத்தில் ஒன்றைக் கண்டிருக்கிறேன்: பிழை வெளியே தெரியாது என்று நாம் நினைத்த நாளில்தான் தொலைபேசி அடிக்கும். ஏறாவூர்க் கடைக்காரர் இதை இரவைக்குள் நாலு பேருக்குச் சொல்வார். அவர்களில் ஒருவருக்குத் தன்னாமுனையில் சொந்தமோ சிநேகமோ இருக்கும். கிளினிக் வாசலில் நிற்கும்போது சின்னம்மாவுக்கு அது தெரியவந்தால், வலது கண் அந்த வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடும். இன்றைக்குத் தெரிந்தால் கையில் ஒரு நாளாவது இருக்கிறது.

வேலிக்குள்ளால் இரண்டு பேரும் போனோம். நான் சொன்னேன். தம்பி அடிமட்டத்தோடு நின்றான். சின்னம்மா புதுக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு குறையுது?"

"ரெண்டு கிலோமீற்றர் நானூறு."

"என்ட விரல் குறைச்சதா?"

"இல்ல. விரல் அவ்வளவும் தள்ளினதுதான். எங்கட அளவு பிழை."

"ஆருட பிழை?"

"என்ட" என்றான் தம்பி.

"எங்கட" என்றேன் நான். பக்கத்தில் எழுதியவளுக்கும் பங்குண்டு.

சின்னம்மா போனை மடியில் வைத்தார். பெருவிரல் இரண்டும் நோவுக்குப் பூசிய நல்லெண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தன. இந்தக் கண்ணுக்கு இனி ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏலாதவங்கட காவடிய அவங்கட ஆக்கள் எடுக்கிறல்லையா?" என்றார்.

"எடுக்கிறதான்."

"மறுகா என்ன? நான் தள்ளினது என்ட. குறைஞ்சது உங்கட. நாளைக்கு விடிய ரெண்டு பேரும் நடங்க."

சின்னம்மாவின் நிபந்தனைகள் மூன்று. செருப்பு இல்லை. குடை இல்லை. போன் இல்லை. முதல் இரண்டுக்கும் நான் உடனே தலையாட்டியதையும் மூன்றாவதற்குச் சற்றுத் தாமதித்ததையும் அவர் கவனித்தார்.

அன்று பின்னேரம் அவர் மிச்சமிருந்த தள்ளுகளை முடித்தார். திரையில் கோபுரம் வந்தது. கும்பிட்டுவிட்டுப் போனை அணைத்தார். தம்பி மோட்டார் சைக்கிளில் கோயில் குளத்தடியிலிருந்து பின்னோக்கி அளந்து, ஊறணிப் பக்கம் வீதியோர மின்கம்பம் ஒன்றில் சுண்ணாம்பால் கோடு போட்டு வந்தான். சின்னம்மா அதற்கும் நூறு மீற்றர் கூட்டினார். "பைக்கும் பொய் சொல்லும்."

தீர்த்தத்தன்று காலை நாங்கள் மின்கம்பத்துக்கு நூறு மீற்றர் இப்பால் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. சின்னம்மா வெள்ளைச் சேலையோடு ஓட்டோவில் இருந்தார். மூன்று போனும் அவர் மடியில் ஒரு சீலைப் பைக்குள். ஓட்டோ எங்களுக்கு முன்னால் நடைவேகத்தில் உருண்டது. அவர் பின்பக்கம் திரும்பியிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தம்பி வெறுங்காலில் வீதியில் நடந்து பல வருடம். முதல் இருநூறு மீற்றரில் நடனம் மாதிரி ஏதோ செய்தான். மரநிழல் வந்தபோது அதற்குள் ஒதுங்கினான்.

"நிழலுக்குள்ளால நடக்காத மனே. நேர்த்திக்கு நிழல் இல்ல."

"சின்னம்மா, நீங்க ஓட்டோ கூரைக்குக் கீழதானே இருக்கிறீங்க?"

"நான் என்ட பங்க முடிச்சிற்றன்."

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்னக்கா, ஓட்டோ பழுதா?"

"ஓட்டோ நல்லம். புள்ளையள்தான் பழுது."

என் வலது பெருவிரல் சுட்டுவிரலோரம் தானாக அசைவதைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய இருபது அடிக்கு ஒரு தடவை. கையை மடக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் மற்றக் கை தொடங்கியது. தம்பியிடம் காட்டினேன். அவன் தன் கையைக் காட்டினான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. காலில் கல் குத்தும்போதெல்லாம் ஒருவர் தலைப்புச் சொல்ல மற்றவர் திருத்தினார். "வீதியில் கல்: இருவர் பாதிப்பு." "இல்ல, ஒருவர்தான். நீ பொய்யுக்கு நொண்டுறாய்." "தார் சூடு குறித்துப் பொதுமக்கள் விசனம்." கோயிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் எங்களோடு சேர்ந்துகொண்டன. நாங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். தம்பி சரியாகச் சொல்ல முயன்றான். ஆறு கிலோமீற்றர், அதில் மூன்று அறுநூறு விரல், இரண்டு நானூறு கால், மேலே நூறு சின்னம்மா கூட்டியது. அவர்கள் கொஞ்சம் வேகமாக நடந்து முன்னே போனார்கள்.

"நோய் உள்ள ஆக்கள் எண்டு நினைச்சிருப்பாங்க" என்றார் சின்னம்மா. அவருக்கும் சிரிப்பில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கோயிலுக்கு முந்நூறு மீற்றருக்கு இப்பால் கயிறு கட்டியிருந்தார்கள், வாகனம் போகாது. நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. ஓட்டோக்காரர் கதிரை ஒன்று எடுத்து வரட்டுமா, இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கிப் போகலாம் என்றார். சின்னம்மா வேண்டாம் என்று கையை அசைத்து, ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு மற்றதை. செருப்பு ஓட்டோவிலேயே கிடந்தது.

"சின்னம்மா, டொக்டர் சொன்னவர்..."

"தூரம் நடக்காத எண்டுதானே சொன்னவர். இது தூரமில்ல. இது மிச்சம்."

ஒரு கை என் தோளில், ஒரு கை தம்பியின் தோளில். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றோம். சனம் எங்களைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போயிற்று. முந்நூறு மீற்றருக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. மணிக்கூடு போனில் இருந்தது, போன் பையில் இருந்தது. குளக்கரைக் கடைசிப் படியில் அவரை இருத்தினோம். இரண்டு பாதத்தையும் தண்ணீருக்குள் விட்டார். கையில் அள்ளி வலது கண்ணில் ஒற்றினார்.

"கண்ணுக்கு நாளைக்கு இல்ல, அதுக்கு மறுநாள். எத்தனை மணிக்கு வரச் சொன்னவங்க?" என்று கேட்டார்.

"ஏழரைக்கு" என்றேன்.

"ஓட்டோவ ஏழுக்குச் சொல்லு."

ஏழு மணிக்குப் போனோம். கிளினிக் வாங்கில் தம்பியும் நானும் உட்கார்ந்திருந்தோம், இருவர் உள்ளங்காலிலும் பிளாஸ்ரர். மதியத்துக்கு முன்பே சின்னம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். வலது கண்ணை மூடி வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று தாதி சொல்லிவிட்டு, மருந்து விடும் நேரங்களை எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

"நோகுதா சின்னம்மா?" என்றான் தம்பி.

"இல்ல. உள்ளுக்குப் போகக்குள்ள பயமாக் கிடந்தது. அதால ஒரு நேர்த்தி வச்சிற்றன்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எங்க இருந்து?" என்றேன்.

"பனிச்சங்கேணி."

அங்கிருந்து மாமாங்கத்துக்கு ஒரு முழு நாளில் நடந்து முடிக்க முடியாது. தம்பி உள்ளங்கால் பிளாஸ்ரரைத் தடவிப் பார்த்தான்.

"ஆரு நடக்கிற சின்னம்மா?"

சின்னம்மா திறந்திருந்த கண்ணால் எங்கள் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.